அவசர ஞானஸ்நானம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பேன். இருபத்திரண்டு வருடமாக இரண்டும் நடக்கின்றன. இரண்டுக்கும் ஒரே புத்தி போதும் என்று நினைத்திருந்தேன். ஒரு நிலம் யாருடையது என்று கேட்டால் மூலப்பத்திரத்தைக் காட்டு என்பேன். சபை எது என்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். இயேசு தம் சீடர் பேதுருவின் கையில் சாவியைக் கொடுத்தார். அவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு, அங்கிருந்து அடுத்தவருக்கு, இப்படியே இன்றைக்கு எங்கள் ஆயர் வரைக்கும் வந்திருக்கிறது. நடுவில் ஒரு கை விட்டுப்போயிருந்தாலும் பத்திரம் செல்லாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது ஏதோ நானே நேரில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் மாதிரி குரல் உயர்ந்துவிடும்.

அப்படிப்பட்டவன் வீட்டில் வந்து வாய்த்தார் தங்கையின் புருஷன். அண்ணாமலை நகரில் படிக்கும்போது தங்கைக்குப் பழக்கம். படிப்பு முடிந்து அங்கேயே ஒரு ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். சாது, சம்பாதிக்கிறவர், குடி கிடையாது. குறை ஒன்றுதான். சிதம்பரத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் நாற்பது ஐம்பது பேர் கூடி ஆராதிக்கிற தனிச்சபையைச் சேர்ந்தவர். அப்பா இல்லாத வீட்டில் நான்தான் அண்ணனும் அப்பாவும் என்பதால் என் சம்மதத்துக்காக இருவரும் ஒரு வருடம் காத்திருந்தார்கள். கடைசியில் எங்கள் கோயிலில்தான் கல்யாணம் என்ற நிபந்தனையின் பேரில் இறங்கி வந்தேன்.

பிற சபைக்காரரை மணக்க ஆயரின் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தை நானே எழுதினேன். பிறக்கும் பிள்ளைகளுக்குக் கத்தோலிக்க முறையில் ஞானஸ்நானம் கொடுக்க என்னாலானதைச் செய்வேன் என்று தங்கை கையெழுத்துப் போட்டாள். இந்த வாக்குறுதி மணமகனுக்குத் தெரிவிக்கப்பட்டது என்ற வரியின் கீழே மாப்பிள்ளையும் போட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. கையெழுத்து விழுந்துவிட்டால் அதற்குமேல் வில்லங்கம் ஏது?

கல்யாணத்துக்குப் பிறகு அவரை நான் சீண்டாத நாள் குறைவு. "உங்க சபைக்கு மேல கர்த்தர், கீழ டயரு. நடுவுல யாரு மாப்ள?" என்பேன்.

அவர் சிரிப்பார். "அவரு பேரச் சொல்லி ரெண்டு பேரு மூணு பேரு கூடுனா அவரு வந்துடுவாரு மச்சான். டயர் கடைன்னுல்லாம் பாக்க மாட்டாரு."

"ரெண்டு பேரு கூடுனா சாட்சிக் கையெழுத்துதான் போடலாம். பத்திரம் ஆவாது."

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சிரிக்காமல் பேசுவார். குழந்தை ஞானஸ்நானம். முதலில் ஒருவன் கேட்க வேண்டும், நம்ப வேண்டும், அதன் பிறகுதான் முழுக்கு என்பது அவர்கள் சபையின் போதனை. "பால் குடிக்கிற புள்ள என்னாத்த நம்பும் மச்சான்?" என்று கேட்பார். பிள்ளைக்குப் பதிலாகத் திருச்சபை நம்பும், தாய் பிள்ளைக்குப் பதில் பத்தியம் இருக்கிற மாதிரி என்பேன். அவர் தலையை ஆட்டுவார். அது சம்மதத்தின் ஆட்டம் அல்ல என்று இருவருக்கும் தெரியும்.

தங்கைக்கு ஏழாம் மாதத்திலேயே இரத்தக்கொதிப்பு ஏறி, சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஆண். ஒரு கிலோவுக்குச் சற்று மேலே. பிறந்ததும் இன்குபேட்டரில் வைத்தார்கள். தங்கை மருந்து மயக்கத்திலேயே இரண்டு நாள் கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் மாப்பிள்ளை போன் செய்தார். மூச்சு நின்று நின்று வருகிறதாம், டாக்டர் கையை விரிக்கிற மாதிரி பேசுகிறார் என்றார். எழுதிக்கொண்டிருந்த கிரயப்பத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தைகள் பிரிவின் வாசலில் மாப்பிள்ளையின் சபையார் ஆறேழு பேர் வாய்விட்டு ஜெபித்து, வாட்ச்மேனிடம் பேச்சு வாங்கி, படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கியிருந்தார்கள். கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்த்தேன். என் உள்ளங்கை நீளம்கூட இல்லாத முதுகு. மூக்கில் குழாய். விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. பயமாக இருந்தது. செத்துப்போய்விடுவான் என்ற பயம் ஒன்று. ஞானஸ்நானம் இல்லாமல் செத்துப்போய்விடுவான் என்ற பயம் இன்னொன்று. உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது.

உள்ளே யாரையும் விட மாட்டார்கள். சாமியாரை அழைத்து வந்தாலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். ஆனால் சாகக் கிடக்கிறவருக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் சபையின் போதனை. கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தண்ணீர் வேண்டும், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லும் அந்த வார்த்தை வேண்டும், திருச்சபை எதைச் செய்ய நினைக்கிறதோ அதைச் செய்கிற எண்ணம் வேண்டும். வருடம் தவறாமல் பிள்ளைகளுக்கு நடத்துகிற பாடம் இது. நடத்தும்போதெல்லாம் பரீட்சைக்கு வரும் கேள்வி என்ற அளவில்தான் நடத்தியிருக்கிறேன்.

மருந்து வாங்கிவரச் சீட்டு கொடுத்து மாப்பிள்ளையை வெளியே அனுப்பினார்கள். அதுதான் சமயம் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்தார். முப்பது வயது இருக்கும், நெற்றியில் விபூதி. பண்ருட்டிப் பக்கம் என்று முன்பே பேச்சில் சொல்லியிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, சொல்ல வேண்டியதை எழுதி அவர் கையில் கொடுத்தேன். தலையில் மூன்று முறை துளித் தண்ணீர் விட்டுக்கொண்டே இதைச் சொன்னால் போதும் என்றேன்.

அவர் படித்துப் பார்த்தார். "ரெண்டு சொட்டு விடலாம் சார், அதனால ஒண்ணும் ஆவாது. கொழந்தையோட அப்பா எங்க? அவருக்குச் சம்மதமா?"

"சம்மதம்தாம்மா. அவரு சொல்லித்தான் கேக்குறேன்" என்றேன்.

பொய். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. பெற்றவர்கள் மறுத்தாலும் சாகக் கிடக்கும் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று எங்கள் சட்டத்திலேயே இடமிருக்கிறது. தாய்க்கோ விருப்பம் உண்டு, கையெழுத்தே போட்டிருக்கிறாள். சட்டம் கையில் இருக்கும்போது பொய் எதற்கு என்று பிறகு எத்தனையோ முறை என்னைக் கேட்டுக்கொண்டேன். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து நான் கேட்க விரும்பவில்லை, அவ்வளவுதான். கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவார். அந்த இடத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

நர்ஸ் தாளை மடித்துக்கொண்டு உள்ளே போனார். அதே நேரம் பெண்கள் வார்டிலிருந்து ஆயா வந்து தங்கை கண் விழித்துவிட்டாள் என்று கூப்பிட்டாள். ஓடினேன். தங்கைக்கு நாக்கு குழறியது. "அண்ணே, புள்ளைக்கு தண்ணி ஊத்துனீங்களா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. ஊத்தியாச்சும்மா என்றேன். அது உண்மையாகியிருக்க வேண்டுமே என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது மாப்பிள்ளை மருந்தோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் கதவைத் திறந்து, "ஆச்சு சார்" என்றார். நான் தலையாட்டினேன். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பையன் பிழைத்துக்கொண்டான். நாற்பத்தோரு நாள் இருந்து, இரண்டு கிலோ ஆகி, வீட்டுக்கு வந்தான். ஜெபத்தால் பிழைத்தான் என்றார்கள் டயர் கடை மாடிக்காரர்கள். டாக்டரால் என்றார் எங்கள் சித்தப்பா. நான் மனதுக்குள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். தங்கையிடம் மட்டும் நர்ஸ் ஊற்றியதைச் சொல்லி, மாப்பிள்ளையிடம் நானே நேரம் பார்த்துச் சொல்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்றேன். அவளும் அண்ணன் சொல்லைத் தட்டவில்லை. ஒரு வருடம் நேரம் பார்த்தேன். நேரம் வரவில்லை.

அந்த வருடத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை அவர்கள் சபையில் அப்பம் பிட்கும்போது வாங்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று தங்கை போனில் சொன்னாள். என்ன காரணம் என்று கேட்டாளாம், ஒன்றுமில்லை என்றாராம். சபைப் பணியிலோ பாட்டுக்குழுவிலோ யாரோடோ மனத்தாங்கல் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்தமுறை பார்த்தபோது விடவில்லை.

"என்னா மாப்ள, உங்க சபையிலயும் தள்ளி வைக்கிறதுலாம் உண்டா? பாப்பரசரே இல்லாம இதெல்லாம் எப்பிடி நடக்குது?"

அவர் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "தப்பு பண்ணுனா ஒக்காந்துதான ஆவணும் மச்சான்" என்றார். நான் இன்னும் இரண்டு வார்த்தை பேசிச் சிரித்துவிட்டு வந்தேன்.

முதல் பிறந்தநாள் நெருங்கியதும் தங்கை, பிள்ளைக்குக் கடலூரில் நம் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம், நீ கொடுத்த வாக்கை நான் தடுக்க மாட்டேன் என்று அவரும் சொல்லிவிட்டார் என்றாள். நர்ஸ் ஊற்றியது அவளைப் பொறுத்தவரை அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு. முறைப்படி ஒருதரம் வேண்டாமா என்று கேட்டாள். ஞானஸ்நானம் ஒருமுறைதான். கொடுத்தது செல்லும் என்றால் மறுபடி கொடுப்பது முதலில் கொடுத்ததை இல்லை என்று சொல்வது போல. வேறு வழியில்லாமல் பங்குச் சாமியாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். பங்குப் பேரவையில் என் பேச்சுக்குப் பெரும்பாலும் மறுபேச்சுப் பேசாதவர். அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"தண்ணியும் வார்த்தையும் சரியா இருந்தா அது ஞானஸ்நானம்தான். மீதிச் சடங்கை மட்டும் கோயில்ல செஞ்சு ரெஜிஸ்டர்ல எழுதிடலாம். அதுக்கு முன்னாடி அந்த நர்ஸ் என்ன செஞ்சாங்கன்னு நேர்ல கேட்டுட்டு வாங்க. அப்புறம் உங்க மாப்பிள்ளைகிட்ட நீங்களே சொல்லணும். அவருக்குத் தெரியாம நான் ஒரு வரி எழுத மாட்டேன்."

"அவரு சம்மதம் சட்டப்படி தேவையில்ல ஃபாதர்."

"தேவையில்லதான். ஆனா இருக்குன்னு சொன்னீங்கல்ல?"

ஆஸ்பத்திரியில் விசாரித்ததில் அந்த நர்ஸ் வேலையை விட்டுப் பண்ருட்டியில் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். பலாப்பழ சீசன். மண்டி வாசலில் லாரி வழிமறித்து நின்றதால் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே போனேன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். குழந்தையின் போட்டோவைக் காட்டியதும் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, மூன்று முறை தலையில் விட்டு, தாளில் இருந்ததைப் பார்த்துப் படித்தேன் என்றார்.

"என்னா நெனச்சுக்கினு செஞ்சீங்க? சாமியாரு கேக்கச் சொன்னாரு."

"எனக்கு உங்க சாமியப் பத்தி என்னா தெரியும் சார்? உங்க கோயில்ல இதைச் செய்யுறவுங்க என்னா நெனச்சுச் செய்வாங்களோ அதுவா இருக்கட்டும்னு நெனச்சுக்கினேன்."

இருபத்திரண்டு வருடமாக நான் பாடம் நடத்துகிற அந்தப் பதிலை இத்தனை சுத்தமாக எந்தப் பிள்ளையும் எனக்குச் சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்லிக் கிளம்ப எழுந்தேன். அப்போதுதான் அவர் சொன்னார்.

"நீங்க அன்னைக்குச் சொன்னது பொய்யுன்னு எனக்குத் தெரியும் சார். சம்மதமான்னு கேட்டதும் உங்க கண்ணு படிக்கட்டுப் பக்கம் போச்சு. பெத்தவன் சம்மதம் இல்லாம நான் எப்பிடிச் செய்யுறது? அவரு மருந்தோட வர்ற வரைக்கும் இருந்து, அந்தத் தாளக் காட்டிக் கேட்டேன். உங்க மச்சான் நீங்க சம்மதிச்சதா சொல்றாரு, அப்பிடியான்னு."

"என்னா சொன்னாரு?"

"தாளையே பாத்துக்கினு இருந்தாரு. அப்புறம், ஆமாம்மா, நான்தான் சொன்னேன், செஞ்சுடுங்கன்னாரு."

பண்ருட்டியிலிருந்து நேரே சிதம்பரத்துக்குப் போனேன். வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வருடமாக அவருக்குத் தெரியும். ஒரு வருடமாக என் முகத்தைப் பார்த்து, நான் சீண்டியதற்கெல்லாம் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

தங்கை கடைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னேன் என்ற வார்த்தையையும் சொன்னேன். அவர் ஊட்டுவதை நிறுத்தவில்லை.

"ஏன் மாப்ள ஆமான்னு சொன்னீங்க? உங்க சபைக்கு அது தப்புதான?"

"தப்புதான் மச்சான். இப்பவும் தப்புன்னுதான் நெனக்கிறேன்." குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டார். "புள்ள போயிடும்னு இருந்தேன். அவ கண்ணு முழிச்சா மொதல்ல இதைத்தான் கேப்பான்னு தெரியும். இல்லன்னு சொல்லிட்டா நீங்க அந்த நர்சம்மா முன்னாடி பொய்யனா நிப்பீங்க. எல்லாத்தையும் நெனச்சேன். ஆமான்னுட்டேன்."

"யாருகிட்டயும் சொல்லலியா?"

"வீட்டுல சொல்லல. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். சபையில சொல்லிட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழமையே எந்திரிச்சு நின்னு, விசுவாசத்துக்கு விரோதமா ஒரு காரியத்துக்குச் சம்மதிச்சிட்டேன்னு சொன்னேன். ஆறு மாசம் அப்பத்துல கை வைக்க வேணாம்னு பாஸ்டர் சொன்னாரு. சரின்னு ஒக்காந்தேன்."

அவர் உட்கார்ந்ததைப் பார்த்து நான் சிரித்தது நினைவுக்கு வந்தது. சுவரோரமாக உட்கார்ந்தேன். மன்னிச்சிடுங்க மாப்ள என்றேன். அதெல்லாம் எப்பவோ ஆச்சு மச்சான் என்றார். பிறகு, குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்பது போலக் கேட்டார்.

"எங்க சபை சின்னது, டயர் கடைக்கு மேல. ஆனா என்னை ஒக்கார வைக்க அங்க ஆளு இருக்கு. உங்களை ஒக்கார வைக்க உங்க சபையில யாரு மச்சான் இருக்கா?"

மேலே பாப்பரசர் இருக்கிறார், ஆயர் இருக்கிறார், பங்குச் சாமியார் இருக்கிறார் என்று வரிசையாகச் சொல்லலாம். ஆனால் அத்தனை பேரும் மேலே இருக்க, ஒரு வருடம் நான் ஒவ்வொரு ஞாயிறும் முதல் ஆளாகப் போய் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கியிருந்தேன். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு முறைகூட அந்தப் பொய்யைச் சொன்னதில்லை. சட்டப்படி சரியான காரியம் ஒன்றுக்காகச் சொன்னது என்பதால் அது பாவமாகவே எனக்குப் படவில்லை.

சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மன்னிப்புக் கொடுத்தார். நாளைக்குப் பிள்ளைக்குச் சடங்கு, நீங்களும் மனநிறைவோடு நன்மை வாங்குங்கள் என்றார். நான் ஆறு மாதம் வாங்காமல் இருக்கப் போகிறேன் என்றேன். நான் அப்படி எதுவும் விதிக்கவில்லையே, மன்னிப்பு கிடைத்தவன் விலகி உட்கார்ந்தால் அதுவும் ஒரு வீம்புதான் என்றார். அவர் சொல்வது சரி என்று தெரிந்தது. ஒரு ஞாயிறு மட்டும் இருக்கிறேன் ஃபாதர் என்றேன். யோசித்துவிட்டு, சரி என்றார்.

மறுநாள் பூசையில் குழந்தைக்கு உச்சந்தலையில் தைலம் பூசினார்கள், வெள்ளை உடுத்தினார்கள், மெழுகுத்திரி ஏற்றிக் கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றவில்லை. நன்மைக்கு வரிசை எழுந்தபோது தங்கை போனாள். எங்கள் கோயிலில் வாங்க முறையில்லாத மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் ஞானோபதேசம் நடத்திய பிள்ளைகள், அவர்களில் கல்யாணமாகிக் குழந்தை பெற்றவர்கள், பேரவை உறுப்பினர்கள் எல்லோரும் எங்கள் பெஞ்சைக் கடந்து போனார்கள். ஒவ்வொருவரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஞாயிறே இவ்வளவு நீளம் என்றால் அவருடைய ஆறு மாதம் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

பூசை முடிந்து வாசலில் எல்லோரும் குழந்தையைச் சூழ்ந்துகொண்டார்கள். மாதா சபைத் தலைவி என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார். எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் சத்தமாகக் கேட்கிறவர்.

"தண்ணியே ஊத்தாம என்னாப்பா ஞானஸ்நானம்? நீயும் நன்மை வாங்கல. என்னா விஷயம்?"

பேரவை ஆட்கள் பக்கத்தில் நின்றார்கள். என் பிள்ளைகள் நின்றார்கள். மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். வேண்டாம் என்பது போல லேசாகத் தலையசைத்தார்.

"போன வருஷமே ஊத்தியாச்சுங்க" என்றேன். "தகப்பனுக்குச் சம்மதம்னு நான் பொய் சொல்லி ஊத்தச் சொன்னேன்."

"யாரு, நீயா?"

"ஆமாங்க. நான்தான்."